வரிக்குப் பதிந்தால் வீட்டு விபரமெல்லாம் போய்விடுமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் புதுக்குடியிருப்புப் பக்கம். பெயர் போட வேண்டாம். இரண்டு வருடமாக வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறேன். அப்வேர்க் என்ற வேலைத் தளத்தில் வேலை கிடைக்கும், பயோனியர் என்ற காசு அனுப்பும் சேவை வழியாக என் வங்கிக் கணக்குக்குக் காசு வரும். மாதம் ஒரு இலட்சத்துக்கு முன்பின். கனடாவில் இருக்கிற அண்ணாவும் அப்பாவின் மருந்துச் செலவுக்கு அனுப்புவார்.

டின் (வரி செலுத்துவோர் அடையாள) இலக்கம் எடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். சந்தியில் இருக்கிற கொமினிகேஷன் கடைக்காரர் எடுத்துத் தருகிறேன் என்று அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் கேட்டார், அனுப்பிவிட்டேன். அப்பாவுக்குத் தெரிந்து வீட்டில் பெரிய சத்தம். "இதுவரை குடுத்த விபரம் காணாதே" என்கிறார். பதிந்தால் என் கணக்கில் வருவது போவதெல்லாம் அரசாங்கம் பார்க்குமா? அண்ணா அனுப்பும் காசிலும் 15 வீதம் வெட்டுவார்களா? என்னோடு வேலை செய்கிற ஒருவர், "அண்ணாவின் பெயரில் கணக்குத் திறந்து வி.பி.என். போட்டு வேலை செய், ஒரு பிரச்சினையும் வராது" என்கிறார். செய்யலாமா? வெளிநாட்டு மென்பொருளுக்கும் வற் (பெறுமதி சேர் வரி) வருகிறதாம், அதற்கும் விபரம் கொடுக்க வேண்டுமா?

தம்பி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறான். நீங்கள் செய்கிற வேலை என்ன, அதற்கு எப்படி வருவது என்று கேட்கச் சொன்னான்.

பதில்:

வணக்கம் தங்கச்சி,

முதலில் அப்பாவின் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. வன்னியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன் வாழ்க்கையில் எத்தனை படிவம் நிரப்பியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இடம்பெயர்ந்து போன இடத்திலெல்லாம் பதிவு. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் பதிவு. திரும்பி வந்தால் மீள்குடியேற்றத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, நிவாரணத்துக்கு. பிறகு அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுக்கு. 2022 இல் பெற்றோல் அடிக்கக்கூட அடையாள அட்டை இலக்கம் கொடுத்து கியூஆர் எடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த விபரம் எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிப்பார்கள் என்று ஒருவரும் ஒருநாளும் அவருக்குச் சொன்னதில்லை. அந்த மனிதர் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். நான் அவரை மறுக்கப் போவதில்லை. அந்தப் பயத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். நான் வேலை செய்யும் தொழில்நுட்பக் கொள்கை ஆய்வுத் துறையில் நான் படித்ததும் பார்த்ததும் எல்லாம் எனக்குக் காட்டியது ஒன்றைத்தான்: சாதாரண மக்களின் விபரம் வரித் திணைக்களத்தில் கசிவதை விட, திணைக்களத்துக்கும் மக்களுக்கும் நடுவில் நிற்கிறவர்களிடம்தான் அதிகம் கசிகிறது. உங்கள் விசயத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

சரி, வரிக்கு வருவோம். நம் நாட்டில் வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடியும். 2025 ஏப்ரலில் இருந்து ஒருவருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி நிவாரணம் உண்டு, அந்தத் தொகைக்கு வரி இல்லை, அதாவது மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். அதற்கு முன் 12 இலட்சமாக இருந்தது. உங்களுக்கு மாதம் ஒரு இலட்சத்துக்கு முன்பின் என்றால் வருடம் 12 இலட்சம் அளவில் நிற்கும். வேறு வருமானம் இல்லையென்றால் கட்ட வேண்டிய வருமான வரி எதுவும் இல்லை. பழைய வருடத்தை நினைத்தும் பயப்பட வேண்டாம். வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்த வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை வரிவிலக்கு இருந்தது.

அந்த விலக்கை எடுத்துவிட்டுக் கொண்டு வந்ததுதான் ஊரெல்லாம் பேசப்படும் 15 வீதம். வருகிற காசில் எல்லாம் 15 வீதம் வெட்டுவார்கள் என்று அது பிழையாகப் பரவிவிட்டது. 15 என்பது உச்ச அளவு. கணக்கைப் பாருங்கள். நாளைக்கு உங்கள் வேலை பெருகி வருடம் 24 இலட்சம் வருகிறது என்று வைப்போம். 18 இலட்சம் கழிந்தால் மிச்சம் 6 இலட்சம். நிவாரணத்துக்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம்தான். ஆகவே 36,000 ரூபா. வருடம் 36 இலட்சம் வந்தால், மிச்சமாகும் 18 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 8 இலட்சத்துக்கு 15 வீதப்படி 120,000, மொத்தம் 180,000 ரூபா. இதே தொகையை உள்ளூரில் உழைத்தவருக்கு 18 வீதம், 24 வீதம் என்று படி ஏறி 222,000 வரும். இந்த 15 வீத எல்லை உங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்த சலுகை. ஆனால் காசு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வந்தால்தான் அது பொருந்தும். இதை நினைவில் வைத்திருங்கள், அண்ணாவின் கணக்கைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொன்று, வருமானம் என்பது கைக்கு வந்த முழுத்தொகை அல்ல. வேலைக்காகக் கட்டிய டேட்டா, மென்பொருள் சந்தா, அப்வேர்க் எடுக்கும் கட்டணம் எல்லாம் செலவாகக் கழியும். ரசீதுகளை மின்னஞ்சலில் ஒரு கோப்புறைக்குள் சேர்த்து வாருங்கள்.

அண்ணா அப்பாவின் மருந்துக்கு அனுப்பும் காசுக்கு வரி இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் குடும்பத்துக்கு அனுப்புவது நீங்கள் வேலை செய்து உழைத்த வருமானம் ஆகாது. ஆனால் இரண்டு காசும் ஒரே கணக்குக்குள் வந்து கலப்பது நல்லதல்ல. நாளைக்கு யாராவது கேட்டால் எது சம்பாத்தியம், எது அண்ணா தந்தது என்று ஒவ்வொரு வரியாகக் காட்ட வேண்டி வரும். அப்பாவின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தால் அண்ணாவை அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்போது உங்கள் வீட்டு நோய், மருந்து விபரம் வேலைக் கணக்குக்குள் வராமலும் இருக்கும்.

டின் எடுப்பது பற்றி. 18 வயது நிரம்பியவர்கள் பதிய வேண்டும் என்ற விதி 2024 இல் வந்தது. இலக்கம் எடுத்ததால் மட்டும் ஒருவர் வரி கட்டுகிறவர் ஆகிவிடமாட்டார். பதிந்தவுடன் உங்கள் கணக்கின் வரவு செலவு திணைக்களத்தின் திரையில் ஓடத் தொடங்குவதும் இல்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வங்கி உட்பட எவரிடமும் எழுத்தில் அறிவித்தல் கொடுத்துத் தகவல் கேட்கும் அதிகாரம் ஆணையாளர் நாயகத்துக்கு இருக்கிறது. நீங்கள் டின் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த அதிகாரம் இருக்கும். ஒளித்திருந்தால் தப்பலாம் என்பது இதனால்தான் சரிவராது. அதே சட்டம், வரி விபரத்தை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்ற கடமையை அதிகாரிகளுக்கும் விதித்திருக்கிறது. ஒருநாள் வருமானம் எல்லையைத் தாண்டி வருடாந்த வரி விபரத்திரட்டு நிரப்ப வேண்டி வந்தால் சொத்து, கடன் விபரமும் எழுத வேண்டும். அதை நீங்களே இருந்து நிரப்புங்கள். இந்த ஒரு விசயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன், காரணம் அந்தப் படிவத்தில் உங்கள் வீட்டின் முழுக் கதையும் இருக்கும்.

இப்போது கொமினிகேஷன் கடை. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், உதவி செய்யத்தான் கேட்டிருக்கலாம். ஆனால் என்ன கொடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை எண் அல்ல. 2016 இல் இருந்து வந்த 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது, பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். ஆக, அந்த எண்ணைப் பார்த்தவருக்கு உங்கள் வயதும் பிறந்த நாளும் பெண் என்பதும் தெரியும். எத்தனை இடங்களில் பிறந்த திகதியைத்தான் சரிபார்க்கும் கேள்வியாகக் கேட்கிறார்கள்! அட்டையின் இரண்டு பக்கமும் சேர்ந்தால் முகம், கையெழுத்து, முகவரி எல்லாம் வந்துவிட்டது. அது கடைக்காரரின் போனில் இருக்கிறது, அந்த போன் படங்களைத் தானாகச் சேமிக்கிற கூகிள் கணக்கில் இருக்கலாம், கடையில் வேலை செய்கிற பெடியனின் கையிலும் அந்த போன் இருக்கும். இப்படித் திரிகிற அடையாள அட்டைப் படத்தை வைத்துப் பிறர் பெயரில் சிம் எடுப்பதும் கடன் செயலியில் கடன் எடுப்பதும் நடக்கக்கூடியவை. நுண்கடனால் பட்ட பாட்டைக் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்களுக்கு, எடுக்காத கடனுக்கு ஆள் வந்து படலையில் நிற்பது என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே இந்தக் கிழமையே கடைக்குப் போங்கள். முகம் பார்த்து, மரியாதையாக, படத்தை வாட்ஸ்அப்பிலும் போனின் படத்தொகுப்பிலும் அழிக்கச் சொல்லுங்கள். அழித்தவை கிடக்கும் குப்பைத் தொட்டிக்குள்ளும் போய் அழிக்க வேண்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியதை உங்கள் பக்கத்தில் மட்டும் அழித்தால் அவரிடம் சேமித்தது போகாது. பதிவு ஏற்கெனவே முடிந்திருந்தால், எந்த மின்னஞ்சல், எந்தத் தொலைபேசி இலக்கம் போட்டுப் பதிந்தார் என்று கட்டாயம் கேளுங்கள். அவசரத்தில் தங்களுடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுகிற கடைக்காரர்கள் உண்டு. அப்படியிருந்தால் திணைக்களம் உங்களுக்கு அனுப்பும் கடிதமும் கடவுச்சொல்லும் அவருக்குத்தான் போகும். திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்து, உங்கள் பெயரில் என்ன தொடர்பு விபரம் இருக்கிறது என்று கேட்டு, பிழையாக இருந்தால் மாற்றுங்கள். பதிவு இன்னும் நடக்கவில்லை என்றால் நீங்களே செய்யலாம். திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பதியலாம், வடிவமைப்பு மென்பொருளைக் கையாளுகிற உங்களுக்கு அது பெரிய வேலையில்லை.

சில மாதம் கழித்துக் கடன் தகவல் பணியகத்தில், கிரிப் என்று சொல்வார்களே, அங்கே உங்கள் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தன் அறிக்கையைப் பெறும் உரிமை இருக்கிறது. உங்கள் பெயரில் தெரியாத கடன் இருந்தால் அதில் தெரியும். இனி எங்கே அடையாள அட்டைப் பிரதி கொடுத்தாலும், பிரதியின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் எழுதிவிட்டுக் கொடுங்கள். அந்தப் பிரதியை வேறு வேலைக்கு எடுப்பது கடினமாகும்.

நடுவில் நிற்கிறவர்களைப் பற்றி நான் இவ்வளவு சொல்வது சந்திக் கடையை மனதில் வைத்து மட்டும் அல்ல. 2022 நவம்பரில் அமெரிக்காவில் த மார்க்கப் என்ற செய்தி நிறுவனம் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்து எழுதியது. மக்கள் வரி நிரப்பப் பயன்படுத்தும் டக்ஸ்அக்ட், டக்ஸ்ஸ்லேயர், எச்அண்ட்ஆர் புளொக் ஆகிய பெயர்பெற்ற தளங்கள், பேஸ்புக்கின் மெட்டா பிக்சல் என்ற சிறு நிரலைத் தங்கள் பக்கங்களில் வைத்திருந்தன. பெயர், மின்னஞ்சல் என்று தொடங்கி, ஒரு தளத்தில் வருமானம், திரும்பி வரவேண்டிய வரித்தொகை வரைக்கும் அது பேஸ்புக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் இரகசியக் கடமை அரசாங்கத்துக்குள் இருந்தது, விபரம் வெளியே போன வழி விளம்பரத்துக்காக வைத்த நிரல். அதனால்தான் கணக்குப் பார்க்கும் செயலி, வரி கணிக்கும் செயலி என்று இலவசமாக வருவனவற்றை இறக்குவதற்கு முன் நான் பலமுறை யோசிப்பேன். உங்கள் வருமானக் கணக்கை ஒரு எக்செல் தாளில் எழுதினாலே போதும்.

அண்ணாவின் பெயரில் கணக்குத் திறக்கும் யோசனை. வேண்டாம் தங்கச்சி. சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அது அண்ணாவைத்தான் முதலில் மாட்டிவிடும். கனடாவில் 2024 இல் இருந்து, அப்வேர்க் போன்ற தளங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை அந்நாட்டு வருமான முகவரகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே மாதிரி விதி 2023 இல் வந்தது. நீங்கள் இரவிரவாக விழித்திருந்து செய்த வேலை, அண்ணாவின் பெயரில், அவருடைய வருமானமாகப் பதிவாகும். அங்கே அதற்கு வரி உண்டு. அவர் கட்ட வேண்டும், அல்லது ஏன் கட்டவில்லை என்று விளக்க வேண்டும். பிறகு அந்தக் காசை வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் அனுப்பினால் நான் மேலே சொன்ன 15 வீத எல்லையும் உங்களுக்குப் பொருந்தாது. இதைவிடப் பெரிய இழப்பு வேறு. இரண்டு வருடமாகச் சேர்த்த நல்ல பெயர், வாடிக்கையாளர் எழுதிய பாராட்டு, எல்லாம் உங்கள் பெயரில் இல்லாமல் போகும். நாளைக்கு ஒரு வங்கிக் கடனுக்கோ விசாவுக்கோ வருமானம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. எங்கள் பெண்பிள்ளைகள் சொந்தப் பெயரில் உழைக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விசயம், அதை இன்னொருவர் பெயருக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

வி.பி.என். நல்ல கருவிதான். பொது வைபையில் வேலை செய்யும்போது நானும் போடுவேன். ஆனால் அது மறைப்பது நீங்கள் இணையத்துக்கு வரும் முகவரியை மட்டும். வங்கிக் கணக்கின் நாடு, அட்டையின் நாடு, அடையாள அட்டையின் நாடு ஒன்றும் மாறாது. கனடாவில் இருப்பதாக வி.பி.என். சொல்ல, மற்றதெல்லாம் இலங்கை என்று சொன்னால், தளம் முதலில் செய்வது கணக்கைப் பூட்டுவது. உள்ளே கிடக்கும் காசையும் சேர்த்து.

தளம் முகத்தைக் காட்டச் சொல்லி, அடையாள ஆவணம் கேட்டால், அது காசு அனுப்பும் நிறுவனங்களுக்கு இருக்கும் சட்டக் கடமையின் பகுதி. அதிகாரபூர்வச் செயலிக்குள் மட்டும் செய்யுங்கள், மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்பில் ஒருபோதும் வேண்டாம். அவர்கள் கேட்கும் டபிள்யூ-8பென் படிவத்தைப் பார்த்தும் பதற வேண்டாம். நான் அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் படிவம் அது. உங்கள் நாட்டு வரி இலக்கம் எழுத அதில் இடம் இருக்கிறது, டின் இருந்தால் அங்கே உதவும். யூரியூப்பில் உழைக்கும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: வரி விபரம் கொடுக்காமல் விட்டால் கூகிள் உலகம் முழுவதும் இருந்து வந்த மொத்த வருமானத்தில் 24 வீதம் வரை பிடிக்கக்கூடும். கொடுத்தால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்குக்கு மட்டும்தான் பிடிப்பு.

வற் விசயத்தில்தான் என்னுடைய வேலையும் உங்கள் கேள்வியும் சந்திக்கின்றன, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கம்பனிகள் இங்குள்ளவர்களுக்கு விற்கும் டிஜிட்டல் சேவைக்கு 18 வீத வற் என்று 2025 இல் சட்டம் திருத்தினார்கள். 2025 அக்டோபர் என்று முதலில் அறிவித்து, பிறகு 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். 3,000 ரூபா சந்தாவுக்கு 540 ரூபா கூடும். அந்த வரியை விற்கிற கம்பனிதான் சேர்த்து எடுத்து அரசுக்குக் கட்டும், நீங்கள் தனியாக எந்த விபரமும் நிரப்பத் தேவையில்லை.

ஆனால் நீங்கள் கொடுக்காவிட்டாலும் விபரம் எடுக்கப்படும். வாங்குகிறவர் இலங்கையில் இருக்கிறார் என்று கம்பனி எப்படி அறியும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 இல் இந்த முறை தொடங்கியபோது, வாங்குகிறவரின் நாட்டைக் காட்ட ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு ஆதாரம் வேண்டும் என்றார்கள்: பற்றுச்சீட்டு முகவரி, இணைய முகவரி, வங்கி விபரம், சிம்மின் நாட்டுக் குறி என்று. அந்தப் பதிவைப் பத்து வருடம் வைத்திருக்கவும் வேண்டும். ஒருபக்கம் தேவைக்கு மேல் தரவு சேர்க்காதே என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, மறுபக்கம் சேர்த்துப் பத்து வருடம் வை என்று வரிச் சட்டம் சொல்கிறது. பத்து டொலருக்கு ஒரு எழுத்துருத் தொகுப்பு வாங்கிய பிள்ளையின் இருப்பிடத் தடயம் பத்து வருடம் எங்கோ ஒரு கணினியில் கிடக்கும். என் கருத்து தெளிவானது. வரிக்கு நாட்டின் பெயர் தெரிந்தால் போதும், தெருவும் வீடும் தேவையில்லை. காசு கட்டிய அட்டை எந்த நாட்டுடையது என்ற ஒரு ஆதாரமே சிறு தொகைகளுக்குப் போதுமானது. நம் நாட்டின் விதிகளும் இதை விட ஆழமாகத் தோண்டக் கூடாது.

ஆழமாகத் தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு உகண்டா இருக்கிறது. 2018 ஜூலையில் அங்கே பேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் பயன்படுத்த ஒருநாளைக்கு 200 ஷில்லிங் வரி போட்டார்கள். ஒருவர் எந்தச் செயலியைத் திறக்கிறார் என்று பார்த்தால்தானே வரி கேட்கலாம்? ஆகவே தொலைபேசிக் கம்பனிகள் அதைப் பார்க்க வேண்டியதாயிற்று. மக்கள் வி.பி.என்.னுக்கு ஓடினார்கள், வசதியில்லாதவர்கள் இணையத்தையே விட்டார்கள். 2021 இல் அதை எடுத்துவிட்டு டேட்டாவுக்கு 12 வீதம் என்று மாற்றினார்கள். அதுவும் ஏழைக்குச் சுமைதான், ஆனால் யார் யாரோடு எந்தச் செயலியில் பேசுகிறார் என்று எட்டிப்பார்க்கத் தேவையில்லை. எவ்வளவு வரி என்று கேட்கும்போதே, அந்த வரியை எடுக்க எவரை எவ்வளவு கவனிக்க வேண்டியிருக்கும் என்றும் கேட்க வேண்டும். நம் நாடாளுமன்றத்தில் இந்த இரண்டாவது கேள்வி அரிதாகத்தான் எழுகிறது.

மறுபுறமாக யோசித்தவர்களும் உண்டு. 2013 இல் பிரான்ஸ் அரசுக்காகப் பியர் கொலின், நிக்கோலா கொலன் என்ற இருவர் ஓர் அறிக்கை எழுதினார்கள். பெரிய இணையக் கம்பனிகளின் இலாபத்துக்கு மூலம், மக்கள் சம்பளம் இல்லாமல் கொடுக்கும் தரவுதான். ஆகவே தரவு சேர்ப்பதற்கே வரி போடுங்கள், மக்களின் உரிமையை மதித்து நடக்கும் கம்பனிக்கு வரியைக் குறையுங்கள் என்றார்கள். அது சட்டமாகவில்லை. 2019 இல் பிரான்ஸ் பெரிய கம்பனிகளின் டிஜிட்டல் வருவாய்க்கு 3 வீதம் என்ற எளிய வழியை எடுத்தது. அமேசன் அந்த 3 வீதத்தைத் தன் தளத்தில் விற்கும் சிறு வியாபாரிகளின் கட்டணத்தில் ஏற்றிவிட்டது. பழைய அறிக்கைதான் சரியான பாதையைக் காட்டியது என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

இங்கே நம் கையில் என்ன இருக்கிறது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது கம்பனிகளுக்கு மட்டுமின்றி அரச நிறுவனங்களுக்கும் பொருந்தும். உங்கள் தரவைப் பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கேட்டால் குறித்த காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம். ஆனால் இந்த உரிமைகள் அடங்கிய முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் என்று சொல்லி, கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டார்கள். அதே வருடம் சட்டத்தையும் திருத்தினார்கள். வரி பதிவதில் காட்டிய வேகத்தைத் தரவைக் காப்பதில் அரசு காட்டவில்லை, எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு விலக்குக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வன்னியில் இருக்கிற எங்களுக்கு அந்த இடம் எவ்வளவு அகலமாக விரியலாம் என்று அப்பாவைக் கேட்டாலே சொல்வார்.

இப்போதே பயன்படக்கூடிய கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகமோ வேறு அரச அலுவலகமோ உங்கள் குடும்ப விபரத்தை எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருக்கிறது, யாரோடு பகிர்ந்தது என்று தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். அப்பாவை இதற்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள். இத்தனை வருடம் கேட்கப்பட்டவர், ஒருமுறை கேட்கிறவராக இருக்கட்டும்.

தம்பிக்கு: தொழில்நுட்பக் கொள்கை ஆய்வு என்பது பெரும்பாலும் வாசிக்கும் வேலை. வர்த்தமானி, சட்டமூலம், கம்பனிகளின் நிபந்தனைப் பக்கங்கள், பிற நாட்டு விதிகள். வாசித்து, இந்த வரி வந்தால் யார் எந்தத் தரவைச் சேர்க்க நேரும், அது யாரைப் பாதிக்கும் என்று எழுத வேண்டும். எழுதியதை அமைச்சுக்கும் குழுக்களுக்கும் பத்திரிகைக்கும் கொடுக்க வேண்டும். நேரம் குறைவு. ஒரு சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்தால் 14 நாட்களுக்குள்தான் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து மனுப்போடலாம். 2023 அக்டோபரில், இணையத்தில் பதிவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வந்தபோது அந்த இடைவெளிக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட மனுக்கள் போயின. அதனால்தான் பல திருத்தங்கள் தேவை என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் 2024 இல் நிறைவேறியது.

பொறியியல் படிக்கிறவருக்கு இந்த வேலைக்கு ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. இணைய முகவரி எப்படிப் பதிவாகிறது, பிக்சல் எப்படி வேலை செய்கிறது என்பது சட்டத்தரணிகள் பலருக்குத் தெரியாது. தம்பி கற்க வேண்டியது சட்டத்தை வாசிக்கும் பழக்கம். சிங்களமும் படிக்கச் சொல்லுங்கள். நம் சட்டங்களின் கடைசிப் பிரிவில், தமிழ் உரைக்கும் சிங்கள உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். வாசிக்கத் தெரியாத உரைக்குக் கட்டுப்பட்டவர்களாக நாங்கள் இருக்கக் கூடாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி நாடாளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். அதை வாசித்து, தன் பல்கலைக்கழகம் மாணவரிடம் வாங்கும் விபரங்களில் எவை அந்தச் சட்டத்தின் கீழ் நிற்கும், எவை நிற்காது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் எனக்கு அனுப்பட்டும், நான் வாசித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.